நிற்காத இசை: வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு டிஜே பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் முதல் வாரத்திலேயே அதில் பாட்டு கேட்கத் தொடங்கிவிடுவார்கள். ஒரு பாட்டு முடியும். ஓரிரு விநாடி அமைதி. அடுத்த பாட்டு தொடங்கும். நமக்கு இது பழகிவிட்டது. இந்த இடைவெளியே இல்லாமல், எந்தப் பாட்டு எங்கே முடிந்தது என்றே தெரியாமல், நான்கு மணி நேரம் இசை ஓடினால் எப்படி இருக்கும்?

அப்படி ஓர் இரவு முழுவதும் நின்று கேட்டிருக்கிறேன். அது எப்படிச் செய்யப்படுகிறது என்று கற்றுக்கொண்டு, வீட்டு லேப்டாப்பில் இலவச சாப்ட்வேர் கொண்டு செய்தும் பார்த்தேன். பிறகு ஆட்கள் முன்னால் செய்யப் போய், அதே லேப்டாப் என் மானத்தை வாங்கியது. இந்த மூன்றையும் வரிசையாகச் சொல்கிறேன். டிஜே ஆகும் எண்ணம் உங்களுக்கு இல்லாவிட்டாலும், கம்ப்யூட்டரில் ஒலி எப்படி இயங்குகிறது என்பது இதன் மூலம் தெளிவாகும்.

பெர்லினில் ஓர் இரவு

2017-ம் ஆண்டு வேலை காரணமாக ஜெர்மனியின் பெர்லின் நகரில் தங்கியிருந்தேன். மாடி வீட்டில் இருந்த நண்பர் பகலில் ஓர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். வார இறுதியில் கிளப்களில் டிஜே. "ஒரு தடவை வந்து பார்" என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "இரவு ஒரு மணிக்கு வா, சரியாக இருக்கும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. மேற்கு பெர்லினில் மதுக்கூடங்களுக்கு இரவில் மூடும் நேரம் என்ற கட்டுப்பாடு 1949-லேயே நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பழக்கம் நகரம் ஒன்றுசேர்ந்த பிறகும் தொடர்கிறது. சனிக்கிழமை இரவு தொடங்கும் இசை, ஞாயிறு பகலைத் தாண்டியும் போகும்.

கிளப் ஒரு பழைய தொழிற்சாலையின் அடித்தளத்தில் இருந்தது. வாசலில் என் மொபைல் போனின் கேமரா மேல் சிறிய ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த ஊர் கிளப்கள் பலவற்றில் இது வழக்கம். உள்ளே யாரும் யாரையும் படம் எடுக்கக் கூடாது.

சினிமாவில் பார்த்ததுபோல டிஜே கையைத் தூக்கிக் கத்துவார், மைக்கில் பேசுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். நண்பர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஹெட்போனின் ஒரு பக்கம் மட்டும் காதில். மறு காது அரங்கத்தின் ஒலிக்கு. குனிந்த தலை நிமிரவில்லை. கணக்கு எழுதும் குமாஸ்தா போல இருந்தார். அவர் முன்னால் சுமார் இருநூறு பேர் மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை, பாட்டு மாறும் இடத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று கவனமாகக் கேட்டேன். மூன்று இடங்களில்தான் பிடிக்க முடிந்தது. காலையில் வீடு திரும்பும்போது அவரிடம் சொன்னேன். "அந்த ஒரு மணி நேரத்தில் பதினொரு தடவை மாற்றினேன்" என்று சிரித்தார். அன்றுதான் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை வந்தது.

டீப் ஹவுஸ், மினிமல் என்றால் என்ன?

அவர் அன்று இசைத்தவை இரண்டு வகை. முதலாவது டீப் ஹவுஸ். இதன் தாய் வீடு அமெரிக்காவின் சிகாகோ. அங்கே 1977-ல் திறக்கப்பட்ட வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் பிராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே இசைத்துவந்தார். அந்தக் கிளப்பின் பெயரிலிருந்தே 'ஹவுஸ்' என்ற சொல் வந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். அதே ஊரைச் சேர்ந்த லாரி ஹெர்ட், 'மிஸ்டர் பிங்கர்ஸ்' என்ற பெயரில் 1986-ல் வெளியிட்ட 'கேன் யூ பீல் இட்' டீப் ஹவுஸுக்கு முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. மென்மையான கீபோர்ட் சுரங்கள், ஆழமான பேஸ், அவசரமில்லாத தாளம். இவைதான் இதன் அடையாளம்.

இரண்டாவது மினிமல். பெயருக்கு ஏற்றபடி, எதெல்லாம் தேவையில்லையோ அதையெல்லாம் எடுத்துவிட்ட இசை. ஒரு டிரம், ஒரு சிறு ஒலித்துண்டு, நிறைய காலி இடம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த ராபர்ட் ஹூட் 1994-ல் வெளியிட்ட 'மினிமல் நேஷன்' இதில் முக்கியமானது. 2000-க்குப் பிறகு இந்த வகைக்குப் பெர்லின் பெரிய மையமாயிற்று. 2024-ல் ஜெர்மனி தன் நாட்டின் பண்பாட்டு மரபுகளுக்கான யுனெஸ்கோ தேசியப் பட்டியலில் பெர்லினின் டெக்னோ கலாசாரத்தையும் சேர்த்தது.

இரண்டிலும் பெரும்பாலும் பாடல் வரிகள் இருக்காது, இருந்தாலும் ஓரிரு சொற்கள்தான். முதலில் கேட்பவருக்கு 'ஒரே மாதிரி இருக்கிறதே' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தம்புராவைத் தனியாகக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஆனால் தம்புரா அசையாமல் இருப்பதால்தான் மேலே நடக்கும் சின்ன மாற்றமும் காதுக்குத் தெரிகிறது. இங்கே டிரம்தான் தம்புரா.

தாளக் கணக்கு

இந்த இசையின் அடிப்படைக் கணக்கு எளிது. ஒரு நிமிடத்தில் எத்தனை தட்டு விழுகிறது என்பதே பிபிஎம். டீப் ஹவுஸ், மினிமல் இசை பெரும்பாலும் 118-லிருந்து 128 பிபிஎம் வரை இருக்கும். 120 பிபிஎம் என்றால் விநாடிக்கு இரண்டு தட்டு.

நம் ஆதி தாளத்தில் எட்டு எட்டாக எண்ணுகிறோம் அல்லவா? இங்கே நான்கு நான்காக எண்ண வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் கனமான டிரம் அடி விழும். 2-வது, 4-வது தட்டில் கைதட்டல் போன்ற ஒலி சேரும். நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு பார். எட்டு பார், அதாவது 32 தட்டு ஆனவுடன் இசையில் ஏதாவது ஒரு மாற்றம் வரும். புதிய ஒலி ஒன்று சேரும் அல்லது ஒன்று விலகும். 120 பிபிஎம் வேகத்தில் 32 தட்டுக்குச் சரியாக 16 விநாடி.

நண்பரின் ரகசியம் இதுதான். ஒரு டிராக்கின் 32 முடியும் இடத்தில் அடுத்த டிராக்கின் 1 தொடங்க வேண்டும். இரண்டின் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டின் சுருதியும் ஒன்றோடொன்று மோதக் கூடாது. இந்த மூன்றும் அமைந்தால் கேட்பவருக்கு மாற்றம் தெரியாது. எதையோ புதிதாகக் கேட்கிறோம் என்பது மட்டும் தெரியும்.

வேகம் எவ்வளவு துல்லியமாகப் பொருந்த வேண்டும்? ஒரு டிராக் 122.0 பிபிஎம், மற்றது 122.1 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால், இரண்டே நிமிடத்தில் ஒன்று மற்றதைவிட ஒரு தட்டில் ஐந்தில் ஒரு பங்கு முந்திப்போய்விடும். அது சுமார் பத்தில் ஒரு விநாடி. இரண்டு டிரம் அடியும் தனித்தனியாக விழுந்து, குதிரை ஓடுவதுபோலக் கேட்கும். ஆடுகிறவர்களின் கால் உடனே தடுமாறும்.

முன்பெல்லாம் இதற்கு இசைத்தட்டுச் சுழலியின் வேகத்தைக் கையால் மாற்றுவார்கள். 1979-ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200எம்கே2 என்ற சுழலியில், வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நழுவு விசை உண்டு. நண்பர் இன்றும் அதைத்தான் பயன்படுத்துகிறார். அதே விசையைத்தான் கம்ப்யூட்டர் சாப்ட்வேர்கள் திரையில் படமாகக் காட்டுகின்றன.

எந்த பைலை வாங்குவது?

சாப்ட்வேருக்குப் போகும் முன் பைல்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். சிடி தரத்தில் ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதுகிறார்கள். ஸ்டீரியோ என்பதால் இது இரண்டு மடங்கு. ஏழு நிமிட டிராக் ஒன்று வேவ் பைலாக இருந்தால் சுமார் 74 மெகாபைட் இடம் பிடிக்கும். அதே டிராக் 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக இருந்தால் சுமார் 17 மெகாபைட். 128 கேபிபிஎஸ் என்றால் 7 மெகாபைட்டுக்கும் குறைவு.

கம்ப்யூட்டருடன் வந்த சிறிய ஸ்பீக்கரில் இந்த மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். பெரிய ஸ்பீக்கரில் தெரியும். 128-ல் உச்ச ஒலிகள் வெட்டப்பட்டிருக்கும். சிம்பல் ஒலி தண்ணீரில் கரைந்ததுபோல இருக்கும். 128 பைலை 320 ஆக மாற்றினால் தரம் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பைல் பெரிதாகும், அவ்வளவுதான். போன ஒலி திரும்பாது.

பீட்போர்ட், பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் டிராக்குகளைத் தனித்தனியாக விலைக்கு வாங்கலாம். இந்த வகை இசையை உருவாக்குபவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். நாம் கொடுக்கும் சிறு தொகைதான் அவர்களுக்கு அடுத்த டிராக் செய்யத் தெம்பு தரும். திருட்டுத் தளங்களில் இறக்கினால் வைரஸும் சேர்ந்து இறங்கும் என்பதை மறக்காதீர்கள்.

மிக்ஸ் சாப்ட்வேர்

நான் பயன்படுத்தியது மிக்ஸ் என்ற இலவச சாப்ட்வேர். ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் மூன்று எக்ஸ் வரும். 2001-ல் ஓர் ஆராய்ச்சி மாணவரின் முயற்சியாகத் தொடங்கி, பின்னர் உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்த ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். மிக்ஸ் டாட் ஆர்க் என்ற அதன் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். அங்கும் மூன்று எக்ஸ்தான்.

1. இன்ஸ்டால் செய்து முதல்முறை திறக்கும்போது, உங்கள் பாடல்கள் இருக்கும் போல்டரைக் கேட்கும். காட்டுங்கள். உங்கள் பைல்கள் நூலகமாகப் பட்டியலிடப்படும்.

2. இடப்பக்கப் பட்டியலில் 'அனலைஸ்' என்பதைக் கிளிக் செய்து, எல்லா டிராக்குகளையும் தேர்ந்தெடுத்து ஆராயச் செய்யுங்கள். ஒவ்வொன்றின் பிபிஎம் அளவும் சுருதியும் தனித்தனிக் கட்டங்களில் வந்துவிடும்.

3. ஆப்ஷன்ஸ் மெனுவில் பிரிபரன்சஸ் திறந்து, 'சவுண்ட் ஹார்ட்வேர்' பக்கத்துக்குப் போங்கள். 'மெயின்' என்பது ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி. 'ஹெட்போன்ஸ்' என்பது உங்களுக்கு மட்டும் கேட்கும் ஒலி. இரண்டையும் தனித்தனியாக அனுப்ப இரண்டு ஸ்டீரியோ வெளியீடு உள்ள யுஎஸ்பி ஒலிக்கருவி வேண்டும். பழகுவதற்கு லேப்டாப்பின் சொந்த வெளியீட்டுடன் ஒரு சாதாரண யுஎஸ்பி சவுண்ட் கார்டைச் சேர்த்துக்கொண்டாலும் போதும்.

4. முதல் டிராக்கை மவுசால் இழுத்து டெக் 1-ல் விட்டு ஓடவிடுங்கள். கிராஸ்பேடர் நடுவில் இருக்கட்டும்.

5. இரண்டாவது டிராக்கை டெக் 2-ல் விடுங்கள். அதன் வால்யூமை முழுவதும் இறக்கிவிட்டு, ஹெட்போன் படம் போட்ட பட்டனை அழுத்துங்கள். இப்போது அது உங்களுக்கு மட்டும் கேட்கும்.

6. டெக் 2-ன் வேக விசையை நகர்த்தி இரண்டின் பிபிஎம் அளவையும் ஒன்றாக்குங்கள்.

7. டெக் 1-ல் ஓடும் இசையை 32 வரை எண்ணுங்கள். அடுத்த 1 விழும் கணத்தில் டெக் 2-ன் பிளே பட்டனை அழுத்துங்கள். முதலில் தவறும். எனக்குச் சரியாக வர இரண்டு வாரம் ஆயிற்று.

8. டெக் 2-ன் 'லோ' குமிழைக் குறைத்துவிட்டு, வால்யூமை மெதுவாக ஏற்றுங்கள். இரண்டு பேஸ் ஒலி ஒரே நேரத்தில் கேட்டால் குழம்பிப்போகும். ஒரு 32 முடியும் இடத்தில் டெக் 1-ன் 'லோ' குமிழைக் குறைத்து, டெக் 2-ன் குமிழை ஏற்றுங்கள். பாட்டு கை மாறுவது இந்தக் கணத்தில்தான்.

9. டெக் 1-ன் வால்யூமை அவசரப்படாமல் இறக்குங்கள். முடிந்தது.

இரண்டு டிராக்குகள் ஒரு நிமிடத்துக்கு மேல் சேர்ந்தே ஓடுவது மினிமல் இசையில் சாதாரணம். காலி இடம் நிறைய இருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றது உட்கார்ந்துகொள்ளும்.

சிங்க் பட்டன் இருக்கிறதே!

மிக்ஸ் சாப்ட்வேரில் 'சிங்க்' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் இரண்டின் வேகமும் தானாகப் பொருந்திவிடும். பிறகு நாம் எதற்கு எண்ண வேண்டும்?

இதை நண்பரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், என் நூலகத்திலிருந்து ஒரு மினிமல் டிராக்கை எடுத்து சிங்க் அழுத்தி ஓடவிட்டார். இரண்டு டிரம்களும் ஒன்றுக்கொன்று குறுக்கே விழுந்தன. திரையிலோ கோடுகள் நேர்த்தியாகப் பொருந்தி நின்றன. அந்த டிராக்கின் தொடக்கத்தில் டிரம் இல்லை. இடைத்தட்டில் வரும் சிறு ஒலியைச் சாப்ட்வேர் முதல் தட்டாக எடுத்துக்கொண்டுவிட்டது. சில நேரம் 122-ஐ 61 என்றும் காட்டும். மனிதர் கையால் டிரம் வாசித்த பழைய பதிவுகளில் வேகமே சீராக இருக்காது.

"திரை சரி என்கிறது, காது தவறு என்கிறது. ஆடுகிறவன் எதை நம்புவான்?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒரு மாதம் சிங்க் பட்டனைத் தொடவில்லை. கையால் பொருத்தப் பழகிய பிறகு அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அது பிழை செய்யும்போது உங்களுக்குத் தெரியும், திருத்தவும் வரும். கால்குலேட்டருக்கு முன் வாய்ப்பாடு படிப்பது போலத்தான் இதுவும்.

என் அரை மணி நேரம்

மூன்று மாதம் பழகிய பின், ஒரு சிறிய கிளப்பில் தன் இரவின் முதல் அரை மணி நேரத்தை எனக்குத் தருவதாக நண்பர் சொன்னார். அந்த இடத்தில் அவருக்கும் அது முதல் இரவு. நான் சொதப்பினால் அவர் பெயர்தான் கெடும். அது தெரிந்தும் தந்தார்.

பதினொன்றரை மணிக்குத் தொடங்கினேன். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். 118 பிபிஎம். கதவு திறக்கும் நேரத்தில் ஆரவாரமான டிராக் போடக் கூடாது. வருகிறவர்கள் கோட்டைக் கழற்றி மாட்டி, நண்பர்களைத் தேடிப் பேச இடம் விட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். முதல் மூன்று மாற்றமும் நன்றாக வந்தன. நான்காவது டிராக்கில் டிரம் நின்று, மெல்லிய கீபோர்ட் மட்டும் ஒலிக்கும் பகுதி வந்தது. அறையே அடங்கியிருந்தது. அப்போது...

'டிங்!'

என் லேப்டாப்புக்கு ஓர் இமெயில் வந்திருந்தது. ஆள் உயர ஸ்பீக்கர்கள் அதை எல்லாருக்கும் அறிவித்தன. சிலர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. கை நடுங்க அடுத்த டிராக்கைத் தொடங்கினேன். இரண்டு நிமிடத்தில் இன்னொரு சோதனை. ஒலி 'கர்ர்... கர்ர்...' என்று உடையத் தொடங்கியது. ஆன்ட்டிவைரஸ் தினமும் இரவு பன்னிரண்டு மணிக்கு முழு ஸ்கேன் செய்யும்படி நானே செட் செய்து வைத்திருந்தேன்! மணி சரியாகப் பன்னிரண்டு.

நண்பர் அருகில் வந்தார். திட்டவில்லை. ஹெட்போனை மாட்டி, தன் சுழலியில் ஓர் இசைத்தட்டை வைத்து, என் டிராக்கின் வேகத்துக்குப் பொருத்தி, அரை நிமிடத்தில் ஏற்றிவிட்டார். என் வால்யூமை இறக்கினார். இசை ஒரு கணமும் நிற்கவில்லை.

மறுநாள் அவர் சொன்னது ஒன்றுதான்: "நீ மூன்று மாதம் இசையைப் பழகினாய். கம்ப்யூட்டரைப் பழகவில்லை."

ஒலி ஏன் உடைகிறது?

இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பிராசசர் என்பது மோட்டார். அது ஒலியைத் தயார் செய்து பபர் என்ற தொட்டியில் நிரப்புகிறது. சவுண்ட் கார்டு என்பது குழாய். தொட்டியிலிருந்து சீராக எடுத்துக்கொண்டே இருக்கிறது. வைரஸ் ஸ்கேன் போன்ற வேறு வேலைக்கு மோட்டார் போய்விட்டால் தொட்டி காலியாகும். குழாயில் காற்றுதான் வரும். அந்தக் காற்றுதான் 'கர்ர்'.

அப்படியென்றால் பெரிய தொட்டி வைத்தால் போதுமே? அதிலும் ஒரு சிக்கல். தொட்டியில் வெந்நீர் கலந்தால், ஏற்கெனவே உள்ள தண்ணீர் போன பிறகுதான் அது குழாய்க்கு வரும். அதுபோலப் பபர் பெரிதானால் நீங்கள் பட்டனை அழுத்திய பிறகு ஒலி தாமதமாக வரும். 44,100 கணக்கில் 512 அளவுகள் கொண்ட பபர் என்றால் தாமதம் சுமார் 12 மில்லிசெகண்ட். 1024 என்றால் சுமார் 23. இந்த அளவை மிக்ஸின் சவுண்ட் ஹார்ட்வேர் பக்கத்தில் மாற்றலாம். ஒலி உடைந்தால் ஒரு படி கூட்டுங்கள். தொட்டி எத்தனை முறை காலியாயிற்று என்ற எண்ணிக்கையையும் அதே பக்கம் காட்டும். அது உயராமல் இருந்தால் பிரச்னை இல்லை.

மற்றவர்கள் முன் கம்ப்யூட்டரை இயக்கும்முன்

கீழே உள்ளவை விண்டோஸ் 11-க்கானவை. டிஜே வேலைக்கு மட்டுமல்ல, பள்ளி விழாவில் பாட்டு போடவும், அலுவலகத்தில் படம் காட்டவும் இவை உதவும்.

* செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட், மோர் சவுண்ட் செட்டிங்ஸ் என்று போய், சவுண்ட்ஸ் டேபில் 'நோ சவுண்ட்ஸ்' என்ற திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். இனி விண்டோஸ் வாய் திறக்காது.

* சிஸ்டம் பிரிவிலேயே நோட்டிபிகேஷன்ஸ் பகுதியில் 'டூ நாட் டிஸ்டர்ப்' என்பதை இயக்குங்கள்.

* பவர் பகுதியில், மின் இணைப்பில் இருக்கும்போது திரையும் கம்ப்யூட்டரும் தூங்கும் நேரத்தை 'நெவர்' என்று வையுங்கள். சார்ஜரைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

* விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரத்துக்கு நிறுத்திவையுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் மீண்டும் இயக்குங்கள்.

* ஆன்ட்டிவைரஸை நீக்காதீர்கள். ஸ்கேன் செய்யும் நேரத்தை மட்டும் பகலுக்கு மாற்றுங்கள்.

* ஏர்பிளேன் மோடில் போடுங்கள். இன்டர்நெட் இல்லாமல் உங்கள் பைல்கள் எல்லாம் ஓடுகின்றனவா என்று வீட்டிலேயே சோதியுங்கள்.

* மற்ற எல்லாப் புரோகிராம்களையும் மூடுங்கள். பிரவுசர் முக்கியம்.

* பாடல்களின் நகலை ஒரு யுஎஸ்பி டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். போனிலும் ஒரு மணி நேர இசை இருக்கட்டும். லேப்டாப் படுத்துவிட்டால், கேபிளை மாற்றிச் செருக ஐந்து விநாடி போதும்.

எல்லாம் செய்தபின், வீட்டில் அதே லேப்டாப்பை இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓடவிட்டுப் பாருங்கள். நான் செய்யாமல் விட்ட சோதனை இதுதான்.

காதைக் காப்பாற்றுங்கள்

முதல் இரவுக்குப் பிறகு மறுநாள் மதியம் வரை என் காதில் 'ஙொய்' என்று ஓர் ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது. அது காது தரும் எச்சரிக்கை. 85 டெசிபல் ஒலியை நாளுக்கு எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பது பணியிடங்களுக்கான ஒரு பரவலான கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். அதன்படி 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அறிவுறுத்தியது. கிளப்புக்குப் போனால் காதடைப்பான் அணியுங்கள். நண்பர் ஒருநாளும் அது இல்லாமல் வேலை செய்வதில்லை. வீட்டில் ஹெட்போனில் பழகும்போதும் ஒலியைக் குறைத்து வையுங்கள். காது கெட்டுப்போனால் இன்ஸ்டால் செய்ய வேறு காது கிடைக்காது.

முடிவாக

ஐந்து மாதம் கழித்து நண்பர் அதே அரை மணி நேரத்தை எனக்கு மீண்டும் தந்தார். லேப்டாப் வாய் திறக்கவில்லை. ஆறு டிராக், ஐந்து மாற்றம். 118-ல் தொடங்கி 121-ல் அவர் கையில் கொடுத்தேன். யாரும் கைதட்டவில்லை, யாரும் திரும்பியும் பார்க்கவில்லை. நடுவில் ஓர் ஆள் கோட்டைக் கழற்றக்கூட மறந்து ஆடத் தொடங்கியிருந்தார். நண்பர் அவரைக் கண்ணால் காட்டித் தலையை ஆட்டினார். எனக்கு அது போதும்.

நீங்களும் தொடங்குங்கள். ஒரே வேகத்தில் உள்ள இரண்டு டிராக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு, தினமும் அரை மணி நேரம் பழகுங்கள். மிக்ஸ் சாப்ட்வேரின் இடப்பக்கப் பட்டியலில் 'ரெக்கார்டிங்ஸ்' என்ற பகுதி இருக்கிறது. அதில் பதிவு செய்து, மறுநாள் திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக் கேளுங்கள். மாற்றம் நடந்த இடம் உங்களுக்கே தெரியவில்லை என்றால், நீங்கள் பாஸ்.